பூட்டுத் தொழிலாளியின் மகன் கண்ட மின்சார விதி

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டில் புதிதாகக் கீசர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சின்ன பிளக்கில் மாட்டக் கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும் என்று வயர்மேன் கண்டிப்பாகச் சொல்லுவார்.

காரணம் இல்லாமல் அவர் சொல்லவில்லை. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல!

தந்தையே ஆசிரியர்

ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில், 1789-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி ஓம் பிறந்தார். அவருடைய தந்தை பூட்டு செய்யும் தொழிலாளி. முறையாகப் படித்தவர் அல்ல. ஆனால் தாமாகவே முயன்று கணிதம் கற்றவர்.

ஓமுக்குப் பத்து வயதானபோது தாயார் இறந்துபோனார். ஏழு குழந்தைகளில் மிஞ்சியவர்கள் மூன்று பேர்தான். மகன்களுக்குத் தந்தையே கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தார். அது வீண்போகவில்லை. தம்பி மார்ட்டினும் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

1805-ம் ஆண்டு ஓம் எர்லாங்கன் சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுதைக் கழித்தார். தந்தைக்குக் கோபம் வந்துவிட்டது. படிப்பு பாதியில் நின்றது. மகனை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஓம் பள்ளி ஆசிரியரானார். ஓய்வு நேரத்தில் தாமே படித்தார். 1811-ம் ஆண்டு ஊர் திரும்பி, டாக்டர் பட்டமும் பெற்றார்.

பட்டம் வந்தது, பணம் வரவில்லை. சம்பளம் போதாமல் பல ஆண்டுகள் தவித்தார். 1817-ம் ஆண்டு கொலோன் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே நல்ல பரிசோதனைக் கூடம் இருந்தது. அதுதான் அவர் வாழ்வின் திருப்பம்.

கொதிநீரும் பனிக்கட்டியும்

கம்பியின் நீளம் கூடினால் அதில் ஓடும் மின்சாரம் எவ்வளவு குறையும்? இதைக் கண்டுபிடிக்க ஓம் முயன்றார். ஆனால் அந்தக் கால பாட்டரிகள் ஒரே அளவாக மின்சாரம் தரவில்லை. சிறிது நேரத்தில் சக்தி குறைந்துவிடும். அதனால் 1825-ல் அவர் வெளியிட்ட முதல் கணக்கு சரியாக அமையவில்லை.

ஓம் சோர்ந்துவிடவில்லை. பாட்டரியை ஒதுக்கினார். பாகென்டார்ஃப் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனைப்படி, தாமிரத்தையும் பிஸ்மத்தையும் இணைத்தார். ஓர் இணைப்பைக் கொதிக்கும் நீரிலும், மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இந்த வெப்ப வித்தியாசம் மாறாததால், கிடைத்த மின்சாரமும் நிலையாக இருந்தது.

பல நீளங்களில் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்தார். தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். 1826-ல் உண்மை புலப்பட்டது. அழுத்தம் கூடினால் மின்சாரம் கூடும். தடை கூடினால் மின்சாரம் குறையும். இதுவே ஓம் விதி!

வீட்டுக் கணக்கு

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்தின் அளவு. ஆம்பியர் என்பது ஓடும் மின்சாரத்தின் அளவு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். அதன் அளவு ஓம்.

கீசருக்கு 230 வோல்ட் கிடைக்கிறது. 10 ஆம்பியர் ஓடுகிறது என்று கொள்வோம். 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23. அதன் தடை 23 ஓம். அதே இரண்டையும் பெருக்கினால் 2,300. அதன் சக்தி 2,300 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் 2.3 யூனிட் செலவாகும்.

வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் என்ன ஆகும்? தடை 23 ஓம்தான். ஆகவே சுமார் 8.7 ஆம்பியர்தான் ஓடும். சக்தி ஏறக்குறைய 1,740 வாட்டாகிவிடும். கால் பங்கு சக்தி போய்விட்டது! தண்ணீர் சுடத் தாமதமாவது இதனால்தான்.

கம்பிக்கும் தடை உண்டு. அதனால் மின்சாரம் ஓடும்போது அது சூடாகும். இந்தச் சூட்டின் கணக்கை 1840-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து சொன்னவர், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜூல். மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 6 ஆம்பியருக்கு அமைத்த சின்ன பிளக்கில் 10 ஆம்பியர் ஓடினால் பிளக் உருகலாம், தீயும் பிடிக்கலாம். வயர்மேன் கண்டிப்பாக இருப்பது நம் உயிரைக் காக்கத்தான்.

வேலையை விட்டார்

1827-ம் ஆண்டு ஓம் தம் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். சர்வகலாசாலைப் பதவி கிடைக்கும் என்று நம்பினார். நடந்தது வேறு. இயற்கையைக் கணிதத்தால் அளக்கும் அவர் முறை பலருக்குப் பிடிக்கவில்லை. சிலர் கடுமையாகத் தாக்கினர்.

மனம் நொந்த ஓம், 1828-ல் கொலோன் வேலையை விட்டார். பெர்லினில் வாரத்துக்குச் சில மணி நேரம் பாடம் சொல்லிப் பிழைத்தார். 1833-ல்தான் நூரம்பர்க் நகரில் நிரந்தர வேலை கிடைத்தது.

சொந்த நாடு கவனிக்காததை அயல்நாடு கவனித்தது. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி, காப்லி பதக்கம் அளித்து அவரைக் கௌரவித்தது. அதன் பிறகே ஜெர்மனியிலும் மதிப்பு உயர்ந்தது. இளமை முதல் ஆசைப்பட்ட சர்வகலாசாலைப் பேராசிரியர் பதவி, 1852-ல் மூனிக் நகரில் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகள்தான் அதை அனுபவித்தார். 1854-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி காலமானார்.

1881-ல் பாரிசில் கூடிய மின்சார மாநாடு, மின்தடையின் அளவுக்கு அவர் பெயரையே வைத்தது. வயர்மேன் கையில் உள்ள மீட்டரைப் பாருங்கள். குதிரை லாடம் போல் ஒரு குறி இருக்கும். அதுதான் ஓம்!