பூலான்தேவி: தூக்குக்குத் தப்பியவள்



தூக்குத் தண்டனை என்றதும் நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பூந்தமல்லிதான் ஞாபகம் வரும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் ஒரே நாளில் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்புச் சொன்னது. அதில் பெண்களும் இருந்தார்கள். மறு வருடம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. கடைசியில் அவர்களும் தூக்கில் தொங்கவில்லை.

நான் எழுத வந்தது அந்த வழக்கைப் பற்றி அல்ல. எந்த நீதிபதியும் வாய் திறப்பதற்கு முன்பே, தன்னைத் தூக்கில் போடக் கூடாது என்று அரசாங்கத்திடம் பேரம் பேசி ஜெயித்த ஒரு பெண்ணைப் பற்றி. அவள்தான் பூலான்தேவி! கொள்ளைக்காரி, பிறகு எம்.பி., பிறகு பிணம். இது எல்லாம் 38 வயது நிறைவதற்குள். நான் பிறக்கும் முன்பே முடிந்துபோன கதை.

1963 ஆகஸ்ட் 10. உத்தரப் பிரதேசம், ஜலோன் மாவட்டம், யமுனைக் கரையில் கோர்ஹா கா புர்வா என்ற குக்கிராமம். மல்லா என்ற படகோட்டிச் சாதியில், தேவிதீன், மூலா தம்பதிக்குப் பெண்ணாகப் பிறந்தாள் பூலான். தேவிதீனுக்கு வர வேண்டிய நிலம் பங்காளிகள் கைக்குப் போய்விட்டது. மிஞ்சியது கொஞ்சம் மண்ணும் ஒரு பெரிய வேப்பமரமும். பங்காளி மகன் மாயாதீன் அந்த வேப்பமரத்தையும் வெட்டி விற்றான். அப்பா வாயை மூடிக்கொண்டார். பத்து வயசுப் பூலான் மூடவில்லை. மாயாதீன் நிலத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். செங்கல்லால் அடித்து மயங்க வைத்துத்தான் தூக்கினார்கள்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வட்டிக்குக் கடன் வாங்கும்போது நீட்டிய பேப்பரில் கைநாட்டு வைத்தார். அது கடன் பத்திரம் இல்லை, கிரயப் பத்திரம் என்று தெரிந்தபோது காணி பறிபோயிருந்தது. அப்புறம்தான் எங்கள் குடும்பம் ஊரை விட்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பிழைக்க வந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால்தானோ என்னவோ, பூலான் கதையில் எல்லாரும் துப்பாக்கியைப் பார்க்கும்போது எனக்கு அந்த நிலமும் பத்திரமுமே கண்ணில் படுகிறது.

11 வயசில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு முப்பதுக்கு மேல்! அங்கே அவள் பட்ட கொடுமையை மலரில் எழுத முடியாது. ஓடி வந்தாள். ஊர் அவளை வாழாவெட்டி என்று ஒதுக்கியது. 1979-ல் மாயாதீன் வீட்டில் திருடினாள் என்று புகார்; போலீஸ் பிடித்துப் போனது. காவலில் அவளுக்கு நடந்ததும் கொடுமைதான். அதே வருஷம் பாபு குஜ்ஜர் என்பவனின் கொள்ளைக் கூட்டம் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. சம்பல், யமுனை பள்ளத்தாக்குகளில் அப்போது இப்படிப் பல கூட்டங்கள். நம்ம ஊர் வீரப்பனுக்குக் காடு மாதிரி, அவர்களுக்கு அந்த மண்மேடுகள். பாபு குஜ்ஜர் அவளைச் சித்திரவதை செய்ய, அதே கூட்டத்தில் இருந்த விக்ரம் மல்லா அவனைச் சுட்டுக் கொன்று தலைவனானான். பூலான் அவனோடு சேர்ந்தாள், துப்பாக்கி சுடக் கற்றாள். பஸ், ரயில், பணக்கார வீடு என்று கொள்ளை. ஏழைக்குக் கொடுத்தாள் என்று பாட்டுக் கட்டினார்கள். எவ்வளவு கொடுத்தாள், எவ்வளவு வைத்துக்கொண்டாள்? கணக்கு யாரிடமும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஸ்ரீராம், லாலாராம் என்று இரண்டு அண்ணன் தம்பிகள். தாக்கூர் சாதி, அந்தப் பக்கத்தில் நிலபுலம் உள்ள மேல்சாதி. படகோட்டிச் சாதிக்காரன் தலைவனாக இருப்பதா என்று 1980-ல் விக்ரமைக் கொன்றார்கள். பூலானைப் பெஹ்மாய் கிராமத்துக்குக் கொண்டுபோய் அடைத்து வைத்து, பல நாட்கள் பலர் சேர்ந்து சீரழித்தார்கள். தப்பித்தாள். மான்சிங் என்பவனோடு புதுக் கூட்டம் சேர்த்தாள்.

1981 பிப்ரவரி 14. பெஹ்மாய்க்குத் திரும்பி வந்தாள். ஸ்ரீராமும் லாலாராமும் எங்கே என்று கேட்டு ஊரைச் சல்லடை போட்டது கூட்டம். அவர்கள் அகப்படவில்லை. கையில் கிடைத்த ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். 20 பேர் பிணம்! அந்த இருவரும் அதில் இல்லை. செத்தவர்களில் சிலர் தாக்கூரே இல்லை. தான் சுடவில்லை என்று பூலான் கடைசி வரை சொன்னாள். சுட்டது யார் விரலாக இருந்தால் என்ன, கூட்டம் அவளுடையது. இந்த இடத்தில் நான் அவள் பக்கம் நிற்க மாட்டேன். அவளுக்கு நடந்தது அநியாயம் என்பதால், அன்றைக்குத் தாலி அறுத்த பெண்களுக்கு நடந்தது நியாயம் ஆகிவிடாது.

அப்போது அவள் வயசு 17. நாம் ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்பில் எம்.எஸ். பிளேட்டை அரம் போட்டு ராவிக்கொண்டிருந்த வயசு!

நாடே அதிர்ந்தது. கொள்ளையரை ஒழிக்க முடியாமல் உ.பி. முதல்வர் 1982-ல் ராஜினாமா செய்தார். அவர் யார் தெரியுமா? பிறகு பிரதமராகி மண்டல் கமிஷன் பரிந்துரையை அமல்படுத்திய வி.பி.சிங்! நம்ம மாநிலக் கல்லூரியில் 2023-ல் சிலை திறந்தார்களே, அவரேதான்.

போலீஸ் என்கவுன்ட்டரில் கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. பிடிபட்டால் தூக்கு என்று பூலானுக்குத் தெரியும். அரிதிலும் அரிதான வழக்குக்கு மட்டுமே தூக்கு என்று உச்ச நீதிமன்றம் 1980-ல் சொல்லியிருந்தது. 20 கொலை அரிது இல்லையா? அதனால் உ.பி. போலீசை நம்பாமல், பக்கத்து மத்தியப் பிரதேசத்தோடு பேச்சு நடத்தினாள். தூக்கு கூடாது, கூட்டாளிகளுக்கு எட்டு வருஷத்துக்கு மேல் சிறை கூடாது, உ.பி.யிடம் ஒப்படைக்கக் கூடாது. 1983 பிப்ரவரி 12, பிந்த் நகரம். ஆயிரக்கணக்கான ஜனம் பார்க்க, காந்தி படத்துக்கும் துர்க்கை படத்துக்கும் முன்னால் துப்பாக்கியை வைத்துவிட்டு, முதல்வர் அர்ஜுன் சிங்கிடம் சரணடைந்தாள். வளர்ந்த ஆம்பளைத்தனமான ராட்சசி வருவாள் என்று பார்த்த கூட்டத்துக்கு ஏமாற்றம். வந்தது குள்ளமான 19 வயசுப் பெண்.

பேச்சு ஒன்று, நடந்தது ஒன்று. 48 வழக்குகள். குவாலியர் சிறை, பிறகு திகார். ஒரு வழக்குகூட விசாரணைக்கு வராமலே 11 வருஷம் உள்ளே! குற்றவாளி என்றும் சொல்லவில்லை, நிரபராதி என்றும் சொல்லவில்லை. தூக்குக்குத் தப்பினாள், சரி. தீர்ப்புக்கும் தப்பினாள் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. பெஹ்மாய் வழக்கைத் திறந்த கோர்ட்டில் நடத்தியிருந்தால், அந்த ஊர் விதவைகளின் சாட்சியும் பதிவாகியிருக்கும், பூலானுக்கு அதே ஊரில் நடந்ததும் பதிவாகியிருக்கும். இரண்டும் இல்லை.

முலாயம் சிங் அரசு வழக்குகளை வாபஸ் வாங்க, 1994-ல் வெளியே வந்தாள். அதே வருஷம் அவள் கதை சினிமாவானது, இயக்கம் சேகர் கபூர். தன் அனுமதி இல்லாமல் தன் மானத்தைத் திரையில் காட்டுவதா என்று டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனாள். பின்னால் பணம் வாங்கிக்கொண்டு சமாதானமானாள்.

1996-ல் சமாஜ்வாதி கட்சி சார்பில் மிர்சாபூரில் நின்று ஜெயித்தார். (இனி அவர் என்றே எழுதுகிறேன், எம்.பி. அல்லவா!) 1998-ல் தோல்வி, 1999-ல் மறுபடி வெற்றி. எழுதப் படிக்கத் தெரியாதவர் பார்லிமென்ட்டில் உட்கார்ந்தார். சுயசரிதையைக்கூட அவர் வாயால் சொல்ல, வேறு பேர் எழுதினார்கள்.

2001 ஜூலை 25. மதியச் சாப்பாட்டுக்குப் பார்லிமென்ட்டில் இருந்து டெல்லி அசோகா ரோடு வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். பெஹ்மாய்க்குப் பழி வாங்கினேன் என்று ஷேர் சிங் ராணா என்பவன் சரணடைந்தான். 2004-ல் திகாரில் இருந்து தப்பி, 2006-ல் மறுபடி பிடிபட்டு, 2014-ல் ஆயுள் தண்டனை பெற்றான். அதுவும் தூக்கு இல்லை.

பெஹ்மாய் வழக்கு மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. 2020-ல் தீர்ப்பு என்று எல்லாரும் காத்திருந்தபோது கேஸ் டைரியைக் காணோம் என்று தள்ளிப் போட்டார்கள். தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரி 14-ல், சம்பவம் நடந்து சரியாக 43 வருஷம் கழித்து. ஒருவருக்கு ஆயுள், ஒருவர் விடுதலை. மற்ற குற்றவாளிகளில் பெரும்பாலோர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். பெஹ்மாயில் இருந்து முதன்முதலில் போலீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தவரும் 2020-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.