ஒரு நூல், பல பொருள்: தத்துவ போதகர் வாழ்வு தரும் பாடம்



ஒரே உண்மையைக் கண்முன் வைத்துக்கொண்டு, கற்றறிந்த இருவர் எதிரெதிராகத் தீர்ப்புச் சொல்வது உண்டு. இருவருமே பொய் சொல்லாதவர்களாக இருக்கலாம். அப்போது முடிவு காண்பது எப்படி? தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி அடிகளாரின் வாழ்வில் இக்கேள்வி எழுந்தது.

1577-ல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்த இவர், இயேசு சபைக் குருவாகி, 1605-ல் கோவா வந்தார். 1606-ன் இறுதியில் மதுரையை அடைந்தார். அங்கே அருட்தந்தை கொன்சாலோ பெர்னாண்டஸ் பத்து ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். ஆயினும் உள்ளூர் மக்கள் திருச்சபையை நாடவில்லை. காரணம் என்ன என்று நொபிலி ஆராய்ந்தார். திருமுழுக்குப் பெற வருவோரிடம், பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. கேட்டவர்கள் பரங்கி என்றால் கிறிஸ்தவர் என்று எண்ணினார்கள். மதுரை மக்களுக்கோ அது இழிவான அந்நியரைக் குறிக்கும் சொல்.

எனவே நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தனி இல்லத்தில் வாழ்ந்தார். தமிழ், தெலுங்கு, வடமொழி கற்றார். திருமுழுக்குப் பெற்ற அந்தணர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ள அனுமதித்தார். பெர்னாண்டஸ் அடிகளார் இதை எதிர்த்து மேலிடத்திற்கு முறையிட்டார்.

பூணூல் அணிந்தார்கள் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. பெர்னாண்டஸ் அதை அணிவிக்கும் சடங்கைப் பார்த்து, அது வழிபாட்டுச் சின்னம் என்றார். நொபிலி மக்களின் அன்றாட வாழ்வைப் பார்த்து, அது குலத்தையும் நிலையையும் காட்டும் அடையாளம் என்றார். மதுரை அந்தணர்களிடமே சாட்சியம் பெற்றுத் தம் கருத்தை விளக்கி எழுதினார்.

ரோமில் அவருடைய உறவினரும் பெரும் இறையியலாளருமான கர்தினால் பெல்லார்மின், முதலில் கேட்ட செய்தியால் மனம் வருந்தினார். பின்னர் முழு விளக்கத்தையும் படித்து நொபிலியை ஆதரித்தார். 1619-ல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பாலோர் எதிர்த்தனர். கேரள மண்ணில் நெடுங்காலம் வாழ்ந்து அறிந்த கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் ஆதரித்தார். இறுதியாக, 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, கோவில் வழிபாட்டுக் கலப்பு இல்லாதவரை இவ்வடையாளங்களை அனுமதித்தார். உயர்குடியினர் எளியோரை இகழ வேண்டாம் என்றும் அந்த ஆணையில் வேண்டிக்கொண்டார்.

இந்த வேண்டுகோள் தேவையாக இருந்தது. பூணூலின் பொருள் என்ன என்று அதை அணிந்தவர்களிடம் கேட்டார்கள். அதைக் கண்டு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவது ஒரு பொருள் கிடைத்திருக்கும். ஒதுக்கப்பட்ட மக்களுக்கெனப் பண்டார சுவாமிகள் என்ற குருக்கள் 1640-ல்தான் பணியைத் தொடங்கினார்கள். சாதிக்கொரு குருவும் தனி இடமும் என்ற வழக்கத்தின் காயம் தமிழகத் திருச்சபையில் இன்னும் ஆறவில்லை. பார்வை மங்கிய நிலையில் 1656-ல் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்த அப்பெரியவரின் வாழ்வில், இந்தக் குறையையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

நம் கம்மாபுரம் பகுதியில் சுரங்கத்திற்கு நிலம் எடுக்கும் பேச்சு எழும்போது, பொறியாளர் மண்ணுக்கு அடியில் உள்ள பழுப்பு நிலக்கரியைக் கணக்கிடுகிறார். உழவர் மண்ணுக்கு மேலே விளையும் நெல்லைக் கணக்கிடுகிறார். இரண்டு கணக்கும் உண்மையே. அந்த வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைக்கும், சொந்த நிலம் இல்லாத குடும்பம் எதை இழக்கிறது என்று யாரேனும் கேட்டோமா?

வழக்கு எதுவாயினும், தீர்ப்புச் சொல்லுமுன் இன்னும் யாரைக் கேட்கவில்லை என்று சிந்திப்போம். அவர்களிடமும் சென்று கேட்போம். இறைவன் அதற்கான மனத்தை நமக்குத் தருவாராக.