பட்டம் இல்லாத பிரின்சிபால்



2011 மார்கழி. ஆடலூரில் எங்கள் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக் குவித்தாயிற்று. அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோலை உரிக்காவிட்டால் புளித்து வீணாகிவிடும். மோட்டார் உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. பி.இ. முடித்து ஆறு மாதமாகியிருந்த நான் பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்றுவிட்ட மெக்கானிக் அண்ணன் வந்தார். மோட்டாரை முகர்ந்து பார்த்தார். காயில் புகையவில்லை, ஒரு பேஸ்தான் வரவில்லை என்றார். பீஸ் கட்டையில் கம்பி போட்டார், ஓடிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை!

அன்று ராத்திரி எனக்கு ஜி.டி. நாயுடு ஞாபகம் வந்தது. நம் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் உருவாகக் காரணமானவர். அதன் முதல்வராகவும் இருந்தார். பட்டம் எதுவும் வாங்காதவர்.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை, பாதியில் விட்டுவிட்டார். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கி ஊர் சுற்றினாரா என்றால் இல்லை. அக்கு அக்காகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். (நமக்கெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு 'ஜாப்' முடிக்கவே எத்தனை வாரம் ஆனது!)

1920-ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார். அந்த ரோட்டில் பழனியை நெருங்க நெருங்கத் தெரிகிற மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. அந்த ஒரு பஸ் பிறகு யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். மின்சார ரேஸர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று இன்னும் எத்தனையோ செய்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர், நாலு வருஷப் படிப்பு மாணவனின் காலத்தை வீணடிக்கிறது, இதே பாடத்துக்கு ரெண்டு வருஷம் தாராளம் என்றார். வெள்ளைக்கார அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டுப் போய்விட்டார். எதை நீளம் என்று சொல்லி அவர் வெளியேறினாரோ, அதே நாலு வருஷத்தை முடித்தவர்கள்தான் இந்த மலரைப் படிக்கிற நாம் எல்லோரும்.

அவர் சொன்னது முழுக்கச் சரியா? எனக்குப் பாதிதான் சம்மதம். அந்தப் பீஸ் அதற்கு முந்தின வருஷங்களிலும் அடிக்கடி போயிருக்கிறது, அண்ணன் ஒவ்வொரு தடவையும் கம்பி போட்டிருக்கிறார். ஏன் போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. மீட்டரிலிருந்து பல்ப்பர் கொட்டகை வரை நீளமான, மெல்லிசான ஒயர். மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் குறைகிறது, கரண்ட் ஏறுகிறது. கணக்குப் போட்டுத் தடிமனான கேபிள் இழுத்தேன். அதற்கப்புறம் பீஸ் போகவில்லை. ஆனால் பீஸ் கட்டையைத் திறந்து பார்க்கணும் என்று தெரியாமல் நான் நின்ற அந்த அரை மணி நேரத்துக்கு நாயுடு கேட்ட கேள்வி பொருந்தத்தான் செய்கிறது. நாலு வருஷத்தில் ஒரு மோட்டாரையாவது நாமே பிரித்துப் பூட்டியிருக்கக் கூடாதா?

1974 ஜனவரி 4 அன்று நாயுடு காலமானார். அவர் செய்த சாமான்களைக் கோவை அவிநாசி ரோட்டில் உள்ள அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு நடை போய்ப் பாருங்கள். நான் மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.