அரைக்கூடு

பாகான் செராயில் நெல்வயலை ஒட்டியது எங்கள் வீடு. பின்கட்டுத் தென்னையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும். காற்றடித்த மறுநாள் பாதியில் விட்ட கூடுகள் மரத்தடியில் விழுந்து கிடக்கும். தலைக்கவசம் போல இருக்கும். கீழே தொங்கும் குழாய் மட்டும் இருக்காது. கட்டத் தெரியாத குஞ்சுகளின் வேலை என்பார் பாட்டி. தமிழ்ப்பள்ளியில் படித்த கதையை நம்பி, குரங்குதான் பிய்த்துப் போட்டது என்று நான் நினைத்திருந்தேன். தெம்புவா தாழக் கூடு கட்டினால் அதற்கொரு காரணம் இருக்கும் என்ற மலாய்ப் பழமொழியை இடைநிலைப்பள்ளியில் மனப்பாடம் செய்தபோதும், அது எங்கள் வீட்டுக் குருவிதான் என்று உறைக்கவில்லை.

அந்த அரைக்கூடுகளுக்கு உண்மைக் காரணம் சொன்னவரைப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் கண்டுகொண்டேன். பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்.

1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில், பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தவரை மாமா அமிருதின் தயாப்ஜி வளர்த்தார். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல். இது என்ன குருவி என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளர் மில்லார்ட் பறவையின் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், பாடம் செய்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளையும் திறந்து காட்டினார். பையனின் வாழ்க்கை அங்கேயே திசை மாறிவிட்டது. பிற்காலத்தில் தம் தன்வரலாற்றுக்கு அந்தக் குருவி விழுந்ததையே தலைப்பாக வைத்தார். ஆய்வுக்காகப் பறவைகளைச் சுடுவதை அவர் பெரியவரான பிறகும் விடவில்லை, மறைக்கவும் இல்லை. எனக்கு அது இன்றும் நெருடல்தான்.

படிப்பு அவருக்கு ஓடவில்லை. கல்லூரிக் கணக்குக்குப் பயந்து பர்மாவுக்குப் போய்க் குடும்பத்தின் சுரங்கத் தொழிலைப் பார்த்தார். 1918இல் தெஹ்மினாவை மணந்தார். இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் பறவையியலாளர் வேலை காலியானபோது, முறையான பட்டம் இல்லை என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். பிறகு பெர்லினுக்குப் போய்ப் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று 1930இல் திரும்பி வந்தால், பணமில்லை என்று அந்தப் பதவியையே நீக்கியிருந்தார்கள். இறுதிப் பருவத்தில் வேலை விண்ணப்பங்களை எழுதிக்கொண்டிருக்கும் நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

வேலையில்லாத அந்த மனிதர் பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. அவர் அவற்றைப் பார்க்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், ஆனால் விடாமல் பார்த்தார்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டும் குடும்ப வீடு அது என்றுதானே நாம் நினைக்கிறோம்? கட்டுவது ஆண். புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்துக் கொண்டுவந்து, தலைக்கவசம் வரை பின்னிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பிறகு சிறகடித்துப் பெண்குருவிகளை அழைக்கும். பெண் வந்து உள்ளே நுழைந்து, பார்த்துச் சோதிக்கும். பிடித்தால் தங்கிக்கொள்ளும், அதன் பிறகே ஆண் முட்டையறையையும் குழாயையும் கட்டி முடிக்கும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெண்ணை அழைக்கும். நெல் தின்னும் அந்தக் குருவி தன் குஞ்சுக்குப் பூச்சி ஊட்டும். மின்மினியைக் களிமண்ணில் ஒட்டி விளக்கேற்றும் என்று நம்மவர்கள் சொல்வார்களே, அதில் களிமண் உண்மை, விளக்கு கதை.

எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காத கூட்டை ஆண் அப்படியே கைவிட்டுவிடும். எங்கள் மரத்தடியில் கிடந்தவை அவைதாம்.

அந்த ஆய்வு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனச் சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போனார். பயணங்களில் உடன் நடந்த தெஹ்மினா 1939இல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அமெரிக்கர் டில்லன் ரிப்ளியுடன் எழுதிய கையேடு பத்துத் தொகுதிகளாக வளர்ந்தது. 1976இல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. 1987இல் மறைந்தார். கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் 1990இல் அவர் பெயரில் பறவை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது.

போன விடுமுறையில் விழுந்து கிடந்த ஓர் அரைக்கூட்டை எடுத்து வந்து பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். பாட்டி கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னலில் விரலை விட்டு இழுத்தும் பார்த்தார். அந்தப் பெண்குருவிக்கு இதில் என்ன குறை தெரிந்ததோ என்று முணுமுணுத்துக்கொண்டே, அடுப்படி ஆணியில் அதை மாட்டி வைத்தார்.