தென்னையின் நோயை வானிலிருந்து கண்டவர்

தென்னங்கன்றை நாம் தென்னம்பிள்ளை என்கிறோம். பிள்ளையைப் போல் வளர்த்தால், அது பிள்ளையைப் போல் குடும்பத்தைக் காப்பாற்றும்.

அந்தப் பிள்ளைக்கு நோய் வந்தால்?

கேரளத்தில் வந்தது. 1882-ம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் ஈராட்டுப்பேட்டைப் பக்கத்தில் தெரிந்த வேர் வாடல் நோய், தோப்புத் தோப்பாகப் பரவியது. ஓலைகள் துவண்டு மஞ்சளாகும். காய்ப்புக் குறையும். மரம் உடனே சாகாது. வருஷக் கணக்கில் நலிந்து நிற்கும். குணப்படுத்த மருந்து கிடையாது. மோசமாக நோயுற்ற மரத்தை வெட்டி எடுப்பதே வழி. அதற்கு, எந்தெந்த மரத்துக்கு நோய் என்று தெரிய வேண்டும்.

எத்தனையோ தோப்புகள்! ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தால் என்றைக்கு முடியும்?

அண்ணாந்து பார்க்க வேண்டாம், மேலிருந்து பார்ப்போம் என்று புறப்பட்டவர் விஞ்ஞானி ராம பிஷாரடி.

மழையைப் படித்தவர்

அவர் 1909-ம் ஆண்டு, பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டில் பிறந்தார். பௌதிகம் படித்துச் சென்னை லயோலா கல்லூரியில் ஆசிரியரானார். விடுமுறை நாட்களில் பெங்களூர் சென்று சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார்.

பிறகு வானிலை இலாகாவில் சேர்ந்தார். அமெரிக்கா சென்று, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1962-ல் புனாவில் வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, அதன் முதல் டைரக்டர் அவரே.

ஓய்வுக்குப் பின் புது வேலை

1967-ல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். அந்த வயதில் பலர் சாய்வு நாற்காலியைத் தேடுவார்கள். அவரோ விக்ரம் சாராபாயின் அழைப்பை ஏற்று ஆமதாபாத் சென்றார். அதுவரை பூமியிலிருந்து வானத்தைப் பார்த்தவர், வானத்திலிருந்து பூமியைப் பார்க்கத் தொடங்கினார்.

1970-ல் அந்தச் சோதனை நடந்தது. கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் ஹெலிகாப்டர் பறந்தது. அதிலிருந்த காமிராவில் அகச்சிவப்புப் பிலிம் பொருத்தியிருந்தார்கள்.

அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நல்ல இலை அதை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலை அவ்வளவு அனுப்பாது. ஆகவே அந்தப் பிலிமில் நல்ல மரம் பளிச்சென்று சிவப்பாக விழும். நோயுற்ற மரம் மங்கித் தெரியும். பல நோய்களில், கண்ணுக்கு மஞ்சள் தெரியும் முன்பே இந்த மாறுதல் தெரிந்துவிடும்.

சோதனை பலித்தது. நோயுற்ற மரங்களைப் படம் பிரித்துக் காட்டியது. இந்தியாவில் தொலையுணர்வுக் கலைக்கு அதுவே பிள்ளையார் சுழி. அதே 1970-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தோப்பிலிருந்து விண்வெளிக்கு

1988-ல், சோதனை அளவில் நில்லாமல் முழுப் பயன்பாட்டுக்கு வந்த இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று புகழப்பட்ட பிஷாரடி அதைத் தம் வாழ்நாளிலேயே கண்டார். 2002-ல், 93-வது வயதில் புனாவில் காலமானார்.

அந்த நோய் இன்னும் ஒழியவில்லை. தமிழ்நாட்டின் எல்லைத் தோப்புகளிலும் புகுந்திருக்கிறது. சிறு பூச்சிகள் அதைப் பரப்புகின்றன என்று பின்னாளில் தெரிந்தது. இன்று ஹெலிகாப்டர் செய்த வேலையை ஆளில்லாச் சிறு விமானமான டிரோன் செய்கிறது. எந்த வயலில், எந்த மூலையில் பயிர் நலிகிறது என்று அது காட்டுகிறது. வயல் முழுவதும் மருந்து தெளிக்காமல், வேண்டிய இடத்தில் மட்டும் தெளிக்கலாம். காசும் மிச்சம், மண்ணுக்கும் நல்லது.

நோயை முன்னதாகக் கண்டால் பாதித் தோப்பாவது பிழைக்கும். அதற்கு வழி காட்டியவர், ஓய்வு பெற்ற பிறகும் ஓயாத அந்தப் பெரியவர்.