வடலூர் அடுப்பும் ஒரு சிறுவனின் சோறும்



கடலூரிலிருந்து நெய்வேலிக்கோ விருத்தாசலத்துக்கோ பேருந்தில் போகிறவர்கள் வடலூரைக் கடந்துதான் போகவேண்டும். நம்மில் பலர் தைப்பூசக் கூட்டத்தை வைத்து மட்டுமே அந்த ஊரை அறிந்திருக்கிறோம். அங்கே சத்திய தருமச்சாலையில் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதை மூட்டிய இராமலிங்க அடிகளாரைத் துறவி, கவிஞர், சித்தர் என்று பலவாறு சொல்வார்கள். பட்டினி போடப்பட்ட ஒரு சிறுவனாக அவரை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தச் சிறுவனைப் பற்றித்தான் இவ்வாரம் சிந்திக்க விரும்புகிறோம்.

சிதம்பரத்துக்கு வடக்கேயுள்ள மருதூரில், 1823 அக்டோபர் 5 அன்று, இராமையா பிள்ளை, சின்னம்மை தம்பதியரின் ஐந்தாவது குழந்தையாக அவர் பிறந்தார். ஓராண்டு நிறைவதற்குள் தந்தை இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகளோடு தனித்து நின்ற அந்தத் தாய்க்கு இன்று இருப்பதுபோல் விதவை உதவித்தொகையோ, அங்கன்வாடியோ, குழந்தைகள் நலக் குழுவோ கிடையாது. உறவினர் வீடுதான் ஒரே வழி. பொன்னேரிப் பக்கம் போய், பிறகு சென்னை ஏழுகிணறு பகுதியில் குடும்பம் தங்கியது. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து கிடைத்த வருமானத்தில் எல்லாரையும் காப்பாற்றினார்.

தம்பி படித்து முன்னுக்கு வரவேண்டும் என்பது அண்ணனின் ஆசை. தாமே கற்பித்துப் பார்த்தார். பிறகு தம் ஆசிரியர் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். பையனோ பாடத்துக்குப் போகாமல் கந்தகோட்டம் கோயிலிலேயே பொழுதைக் கழித்தான். கோபமுற்ற அண்ணன், இவன் வீட்டுக்கு வந்தால் சோறு போடாதே என்று மனைவி பாப்பாத்தி அம்மாளுக்குக் கட்டளையிட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அண்ணி கேட்கவில்லை. கணவர் இல்லாத நேரம் பார்த்துப் புறக்கடை வழியாகச் சிறுவனை அழைத்துச் சோறிட்டார். ஒருநாள் அவர் அழுவதைக் கண்டபிறகே, வீட்டில் ஓர் அறை கொடுத்தால் அங்கிருந்து படிப்பதாகச் சிறுவன் ஒப்புக்கொண்டான்.

அண்ணனைக் கொடியவராக நினைக்கவேண்டாம். அன்றைய தகப்பன்மார்கள் பலரும் செய்ததையே அவரும் செய்தார். படிக்காத பிள்ளைக்குச் சோறு எதற்கு என்ற பேச்சை இன்றும் நம் வீடுகளில் கேட்கிறோம் அல்லவா?

1858 அளவில் அடிகளார் சென்னையை விட்டுத் தென்னாற்காட்டுக்கு வந்தார். கருங்குழியில் தங்கியிருந்த காலத்தில் 1865-இல் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1866-இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் பெரும் பஞ்சம் வாட்டியது. அடுத்த ஆண்டே, பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த சுமார் எண்பது காணி நிலத்தில் தருமச்சாலை எழுந்தது. சாதி, சமயம், ஊர், நடத்தை எதுவும் விசாரிக்காமல் பசி ஒன்றையே பார்த்துச் சோறிடவேண்டும் என்பது அதன் நெறி. புலால் உண்பவர்களை அவர் புற இனத்தார் என்றார். அப்படிப் பார்த்தால் மீன்குழம்பு இல்லாமல் ஞாயிறு கழியாத நாமும் புற இனத்தார்தாம்! ஆனாலும் அந்தப் பந்தியில் நமக்கும் இலை உண்டு.

இதன் அருமையை உணர, அவர் மறைந்தபின் வந்த தாது வருடப் பஞ்சத்தைப் பார்க்கவேண்டும். 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற ஆங்கில அதிகாரி, நிவாரணப் பணியில் உழைக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம் அளவு, அதோடு ஒரு அணா என்று கூலி வகுத்தார். பெண்களுக்கும் வேலை செய்யும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. உழைத்தால்தான் சோறு என்பது அன்றைய அரசின் நெறி. வடலூரில் அப்படிக் கேட்கவில்லை.

அடிகளார் சன்மார்க்க போதினி என்ற பாடசாலையையும் ஏற்படுத்தினார். தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கற்பிப்பது அதன் நோக்கம். இங்கே சோற்றுக்குப் படிப்பு நிபந்தனை அல்ல. 1870-இல் மேட்டுக்குப்பம் சென்றார். 1872 சனவரியில் ஞானசபை திறக்கப்பட்டது. 1874 சனவரி 30 அன்று அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டவர் பிறகு வெளியே வரவில்லை.

தமிழ்நாட்டில் குழந்தைநலம் என்பது பெரிதும் சோற்றின் வழியாகவே வளர்ந்தது. 1920-களில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் மதிய உணவு, 1956-இல் காமராசர் திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2001-இல் நாடு முழுவதற்கும் உச்சநீதிமன்ற ஆணை, 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு. 2024 சூலையில் ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்தது. நம் பங்குப் பள்ளிகள் பலவும் இதில் அடங்கும். கூரையும் ஆசிரியரும் இருந்தாலும் வயிறு காய்ந்தால் பிள்ளை வராது என்பதை ஆட்சியாளர்கள் ஒவ்வொரு படியாக ஏற்றுக்கொண்டார்கள். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்தது.

இதை எழுதும் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குருவான புதிதில் ஒரு மாணவர் விடுதியின் பொறுப்பு நம்மிடம் இருந்தது. பாடம் ஒப்பிக்காத பையன் சாப்பாட்டு அறைக்கு வெளியே நிற்கவேண்டும் என்று விதி வைத்திருந்தோம். கண்டிப்பான சாமியார் என்று பெற்றோரும் பாராட்டினார்கள். ஓரிரவு சமையலறைப் பக்கம் போனபோது, அப்படி நிறுத்தப்பட்ட ஏழாம் வகுப்புப் பையன் பின்வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சமையல்கார அம்மா நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். என் பிள்ளையாக இருந்தால் சாமி என்று சொல்லத் தொடங்கி, முடிக்கவில்லை. நாம் அவரைக் கடிந்துகொண்டோம். பையன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அந்த விதியை எடுக்க நமக்கு இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. பாடம் ஒப்பிப்பதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினோம். ஒப்பிக்காதவர்களின் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.