கல்லூரி காணாத பேரறிஞர் மைக்கேல் பாரடே

ஆண்டுதோறும் கோடை முடியும் வேளையில் நம் காலனியில் ஒரு காட்சியைக் காண்கிறோம். தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. ஒரு வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். அடுத்த வீட்டில் விளக்கைப் போடவும் மனமின்றி அமர்ந்திருக்கிறார்கள். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவர்கள்தாம். ஒருவனுக்குப் பெயர் பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தது, மற்றவனுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அன்று முதல் அவ்விருவரையும் நாம் நோக்கும் நோக்கே வேறாகிவிடுகிறது. சென்ற ஆண்டு விளக்குப் போடாத வீடு என்னுடைய வீடு.

யான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்கு வந்தவன். கல்லூரிப் படிப்பின் அருமையை, அதைப் பெற்றவரைவிடப் பெறாதவரே நன்கு அறிவர். ஆதலால் கல்லூரி வேண்டாம் என்று சொல்வதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. பெயர் பெற்ற கல்லூரி பெரிதா, பிள்ளையின் குணம் பெரிதா என்று என் வீட்டில் பல இரவுகள் பேச்சு நடந்தது. அப்பேச்சுக்கு விடை தேடியபோது, அன்று நாங்கள் போடாமல் விட்ட மின்விளக்கே ஒருவருடைய பெயரை எனக்கு நினைவூட்டியது. அவர்தாம் மைக்கேல் பாரடே. மின்சாரத்தை உலகம் பெருமளவில் உண்டாக்கிக்கொள்ள வழி காட்டிய அப்பேரறிஞர், கல்லூரியில் ஒரு நாளும் மாணவராக அமர்ந்ததில்லை.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டன் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் ஒரு கொல்லர், நோயாளி. வேலை செய்யும் நாள்களைவிடப் படுத்திருக்கும் நாள்கள் மிகுந்த காலமும் உண்டு. 1801-இல் தானிய விலை ஏறியபோது, பத்து வயதும் நிரம்பாத பாரடேக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டிதான் அளந்து கொடுக்கப்பட்டது. எழுதவும் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் மட்டுமே பள்ளியில் கற்றார். அத்துடன் பள்ளிப் படிப்பு முடிந்தது.

குடும்பத்தார் ஸாண்டிமேனியர் என்னும் சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். செல்வம் சேர்ப்பதைப் பெருமையாகக் கருதாத சபை அது. எளிமை, வாய்மை, சொன்ன சொல்லைக் காத்தல் ஆகியவை அவ்வீட்டின் அன்றாடப் பழக்கங்கள். பிள்ளைக்கு அவ்வீடு தந்த சொத்து இவ்வளவே.

1804-இல் ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் சிறுவன் மைக்கேல் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொண்டு கொடுத்து, அவர்கள் படித்த பின் திரும்ப வாங்கி வருவது அவன் வேலை. மறு ஆண்டு அதே கடையில் புத்தகம் கட்டும் தொழில் பழக ஏழு ஆண்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. தொழில் கற்க வரும் பிள்ளையிடம் முதலாளி ஒரு தொகை வாங்கிக்கொள்வது அந்நாள் வழக்கம். ரீபோ தொகை எதுவும் வாங்கவில்லை. அவ்வோராண்டு பையன் செய்த நாணயமான ஊழியமே அதற்கு ஈடு என்று ஒப்பந்தத்தில் எழுதினார். பாரடேயின் வாழ்வில் திறந்த முதற்கதவு இது. அதைத் திறந்தது மதிப்பெண் அன்று, நாணயம்.

கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் வெறுமனே கட்டி அனுப்பவில்லை, படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்ஸெட் அம்மையார் எழுதிய இரசாயன நூலும் அவர் மனத்தைக் கவர்ந்தன. படித்ததை அப்படியே நம்பிவிடாமல், கைக்காசில் வாங்கக்கூடிய பொருள்களைக் கொண்டு கடையிலேயே சோதித்துப் பார்த்தார். 1810-இல் டேட்டம் என்பவர் நகரில் அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தினார். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லராக உழைத்த அண்ணன் ராபர்ட் அக்காசைக் கொடுத்தார். தம்பி படிக்கட்டும் என்று கொடுத்த அந்த ஷில்லிங்கை நினைக்கும்போது, ஊரில் நிலத்தை அடகு வைத்துத் தங்கையையும் தம்பியையும் படிக்க வைத்த நம் அண்ணன்மார் பலர் நினைவுக்கு வருகிறார்கள்.

1812-இல் கடைக்கு வந்த டான்ஸ் என்ற வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஸர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டுப் பெற்றுத் தந்தார். டேவி அந்நாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த இரசாயன அறிஞர். அவரும் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகியவரேயன்றிப் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர் என்பது கருதத்தக்கது. பாரடே ஒரு சொல் விடாமல் குறிப்பெடுத்தார். படங்களும் வரைந்து, முந்நூறு பக்க நூலாகத் தம் கையாலேயே கட்டினார். முதலில் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு வேலை வேண்டிக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. பின்னர் டேவிக்கு எழுதி, அந்நூலையும் அனுப்பினார். டேவி அழைத்துப் பேசினார். ஆயினும் வேலை காலியில்லை, புத்தகத் தொழிலையே செய்துகொண்டிரு என்று அறிவுரை கூறி அனுப்பினார்.

சில வாரங்களில் அங்கே ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் கைகலப்பில் ஈடுபட்டு வேலையை இழந்தார். டேவிக்கு அந்த முந்நூறு பக்கங்கள் நினைவுக்கு வந்தன. 1813 மார்ச் முதல் நாள் பாரடே அப்பணியில் அமர்ந்தார். சொற்பச் சம்பளம்; மாடியில் இரண்டு அறைகள்; குடுவை கழுவும் வேலை. அவ்வாண்டு இறுதியில் டேவி ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது, உடன் செல்லவேண்டிய பணியாள் வர மறுக்கவே, அவன் வேலையும் பாரடேயின் தலையில் விழுந்தது. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்து திரும்பிவிட எண்ணியதும் உண்டு. எனினும் பொறுத்தார். ஆம்பியர், வோல்ட்டா போன்ற அறிஞர்களை அப்பயணத்திலேயே கண்டார். மக்கள் கல்லூரியில் பெறும் கல்வியை அவர் பெட்டி தூக்கிக்கொண்டே பெற்றார் எனலாம்.

1821-இல் மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்து காட்டினார். இன்றைய மின்மோட்டாருக்கெல்லாம் அதுவே வித்து. ஆனால் புகழோடு பழியும் வந்தது. உல்லாஸ்டன் என்னும் மூத்த அறிஞர் முன்பே அத்துறையில் முயன்றிருந்தார். அவர் கருத்தைப் பாரடே திருடிவிட்டார் என்று பலர் பேசினர். உல்லாஸ்டன் பெயரைக் கட்டுரையில் குறிப்பிடாதது தம் அவசரமே என்று உணர்ந்த பாரடே, நேரே அவரிடம் சென்று விளக்கம் சொன்னார். அதனினும் கொடிது ஒன்று நேர்ந்தது. ராயல் சொசைட்டியில் பாரடேயை உறுப்பினராக்க முயன்றபோது, அதை எதிர்த்தவர் அச்சபையின் தலைவராயிருந்த டேவியே. 1824 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தது, எதிர்வாக்கு ஒன்றே விழுந்தது, பாரடே உறுப்பினரானார். வளர்த்த கையே தடுத்தது என்ற வேதனை அவருக்கு இருந்திருக்கும். ஆயினும் டேவியைக் குறித்து வாழ்நாள் முழுதும் மரியாதையாகவே பேசி வந்தார்.

1827-இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் இரசாயனப் பேராசிரியர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தது. கல்லூரியில் படியாதவருக்குக் கல்லூரிப் பேராசிரியர் நாற்காலி! அவர் ஏற்கவில்லை. தம்மை ஆளாக்கிய ராயல் இன்ஸ்டிடியூஷன் அப்போது பணமுடையில் இருந்தது. அதை விட்டுப்போவது நன்றியன்று என்று கருதினார். அங்கே அவருக்குச் சம்பளம் ஆண்டுக்கு நூறு பவுன். வெளித்தொழிலாளர்களுக்குப் பொருள்களைச் சோதித்துக் கொடுத்த வகையில் 1830-ஆம் ஆண்டளவில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பவுன் வரத் தொடங்கியது. சம்பளத்தைப் போல் பத்து மடங்கு! அவ்வழியே சென்றால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. சிந்தித்துப் பார்த்து, அவ்வருவாயைச் சிறிது சிறிதாகக் கைவிட்டார். மனைவி ஸாராவும் அதற்கு மாறாக நிற்கவில்லை.

அவ்வாறு மீட்டுக்கொண்ட நேரத்தின் பயன் என்ன? 1831 ஆகஸ்டு 29-ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களில் தனித்தனியே கம்பியைச் சுற்றி, ஒரு பக்கத்தில் மின்சாரத்தைச் செலுத்தினார். அதைத் தொடும்போதும் விடும்போதும் மறுபக்கத்துக் கம்பியில் மின்சாரம் ஒரு கணம் பாய்வதைக் கண்டார். அக்டோபரில், சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் எடுத்தும் மின்சாரம் உண்டாக்கினார். அனல் நிலையமும் நீர்வீழ்ச்சி நிலையமும் இன்று மின்சாரம் தருவது இத்தத்துவத்தால்தான். நம் காலனிக்கு அப்பால் செல்லும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரத்தை வாங்கி, எஞ்சினுக்கு ஏற்ற அளவில் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரும் அவ்வளையத்தின் வழித்தோன்றலே. நாள்தோறும் வண்டி அனுப்பி வாழும் நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

அவர் வேலை செய்த முறையையும் கூறவேண்டும். செய்த சோதனை ஒவ்வொன்றையும், வெற்றி தோல்வி இரண்டையும், வரிசை எண் இட்டுக் குறித்து வைத்தார். 1832 முதல் அவ்வாறு எழுதிய பத்திகள் 16,000-க்கும் மேல். பதிவேடு எழுதிப் பிழைக்கும் எனக்கு அவ்வெண்ணைப் படித்தபோது உடல் சிலிர்த்தது. ஆண்டு இறுதியில் பிள்ளைகளுக்கென்றே கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அதைக்கொண்டே இரசாயனம் முழுவதையும் குழந்தைகளுக்கு விளக்கியவர் அவர்.

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்லூரி இல்லாமையால் பாரடேக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அவருக்கு உயர்கணிதம் தெரியாது. காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் பரவியுள்ளன என்று அவர் மனக்கண்ணால் கண்டார். அதைக் கணிதமாக எழுதிக் காட்ட அவரால் இயலவில்லை. கற்றவர் பலர் அக்கருத்தைப் பொருட்படுத்தவில்லை. அவர் மின்தூண்டலைக் கண்ட அதே 1831-இல் பிறந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், எடின்பரோவிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற டிரினிடி கல்லூரியிலும் கணிதம் பயின்றவர். அவரே அவ்விசைக்கோடுகளுக்குக் கணித வடிவம் தந்தார். அக்கட்டுரை கைக்கு வந்த 1857-ஆம் ஆண்டிலேயே, அறுபத்தாறு வயதுப் பாரடே சிறிதும் நாணாமல், கணித முடிவுகளை எம்போன்றோர்க்கு விளங்கும் எளிய மொழியில் எழுதலாகாதா என்று இளைஞரிடம் கேட்டுக் கடிதம் எழுதினார். மாக்ஸ்வெல்லோ, கல்லூரிப் பெருமிதம் சிறிதுமின்றி, புத்தகம் கட்டியவரின் ஆராய்ச்சியையே தமக்கு ஆசானாகக் கொண்டவர். கல்லூரி காணாதவரின் பணிவும், கல்லூரி கண்டவரின் பணிவும் சேர்ந்தபோதுதான் மின்காந்தக் கொள்கை முழுமை பெற்றது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 1832-இல் பாரடேக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோது, இறுதிவரை வெறும் மைக்கேல் பாரடேயாகவே இருப்பேன் என்ற கருத்துப்பட மறுத்துவிட்டார். ஒரு காலத்தில் தம் கடிதத்துக்குப் பதில் போடாத நாற்காலி அது! முதுமையில் நினைவாற்றல் குன்றியது. 1858 முதல் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த வீட்டில் வாழ்ந்து, 1867 ஆகஸ்டு 25-ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி, ஆடம்பரம் ஏதுமின்றி ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் செய்தனர்.

என் வீட்டுப் பேச்சுக்கு யான் கண்ட விடை இது. நல்ல கல்லூரி நல்ல கருவி. கிடைத்தால் கொண்டாடுவோம், கிடைக்காத குறையை உழைத்து நிரப்புவோம். பாரடேக்கும் கணிதம் கிடைத்திருந்தால் நன்மையே. ஆனால் நாணயம், பொறுமை, நன்றி, போதும் என்ற மனம் ஆகியவற்றைச் சேர்க்கைப் பட்டியலில் எந்தக் கல்லூரியும் வழங்குவதில்லை. அவை நம் வீட்டுக் கூடத்தில் வழங்கப்படவேண்டியவை. அவற்றை வழங்காமல், முடிவு வந்த அன்று விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தது என் பிழை.

என் மகன் இப்போது அருகிலுள்ள ஊரில், பெயர் அதிகம் வழங்காத கல்லூரி ஒன்றில் மின்பொறியியல் பயில்கிறான். சென்ற மாதம் அவனுடைய ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஒரு சோதனையின் விடை தவறாக வந்திருந்தது. அதைத் திருத்தி எழுதாமல், வந்தபடியே எழுதி, ஏன் தவறிற்று என்பதையும் கீழே குறித்திருந்தான். மதிப்பெண் குறைந்திருந்தது. யான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அவன் தாயாரிடம் பாயசம் செய்யச் சொன்னேன்.